லண்டனுக்கு அனுப்பவுள்ள வைஃபை ஈரமானியின் இணக்க அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டுள்ளது: கடவுச்சொல், ஆதரவுக் காலம் பற்றிய சந்தேகம்

ஹட்டன் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் சிறிய இலத்திரனியல் பட்டறை ஒன்றை நடத்துகிறோம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துப் பசுமைக்கூடங்களுக்காக முதலில் செய்த மண் ஈரமானியை, வீட்டுப் பூந்தொட்டிகளில் குத்தி வைக்கக்கூடிய சிறிய வடிவத்திலும் இப்போது தயாரிக்கிறோம். உள்ளே இருப்பது ஈ.எஸ்.பி. 32 என்ற, வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சில்லு. கருவி வீட்டு வைஃபையுடன் இணைந்து, மண் காய்ந்ததும் கைப்பேசிச் செயலிக்கு அறிவித்தல் அனுப்பும்.

லண்டனில் தோட்டப் பொருட்கள் விற்கும் இறக்குமதியாளர் ஒருவர் முதல் தொகுதியாக 200 கருவிகள் கேட்டிருக்கிறார். இணையத்துடன் இணையும் பொருட்களின் பாதுகாப்பு பற்றிய பிரித்தானியச் சட்டப்படி இணக்க அறிக்கை (பொருள் அந்தச் சட்டத்துக்கு இணங்குகிறது என்று உற்பத்தியாளர் தரும் கூற்று) வேண்டும் என்றதால், இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து ஒன்றைத் தயாரித்து அனுப்பினோம். அவர் மூன்று குறிப்புகளுடன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்: கடவுச்சொல் ஊகிக்கக்கூடியது; பாதுகாப்புக் குறைபாடுகளை முறையிடும் வழி சட்டத்துக்குப் பொருந்தவில்லை; 'வாழ்நாள் ஆதரவு' என்பது ஆதரவுக் காலம் (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படும் காலம்) ஆகாது.

கடைசி இரண்டையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனால் எங்கள் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் இருக்கும்போது முதலாவது குறிப்பு ஏன் வந்தது என்று விளங்கவில்லை. இதற்கு ஆய்வுகூடச் சான்றிதழ் ஏதும் பெற வேண்டுமா என்பதையும் தெரிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

கண்டி நிரலாளர்

வணக்கம். அந்தக் கடவுச்சொல் எப்படி உருவாகிறது, எங்கே அச்சிடப்படுகிறது, கருவி வீட்டு வைஃபையில் சேர்ந்த பின்னரும் அது பயன்படுகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். குறிப்பாக மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், ஏனெனில் சட்டம் அங்கேதான் பிரித்துப் பார்க்கிறது.

ஹட்டன் பட்டறை

நன்றி அண்ணா. கருவியை முதன்முதலில் இயக்கியதும், 'ஈரமானி' என்ற சொல்லையும் மேக் முகவரியின் (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உரிய அடையாள இலக்கத்தின்) கடைசி நான்கு எழுத்துகளையும் சேர்த்த பெயரில் தற்காலிக வைஃபை ஒன்று எழும். அதன் கடவுச்சொல் அதே மேக் முகவரியின் கடைசி எட்டு எழுத்துகள். பாவனையாளருக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அதை அடிப்பக்க ஸ்டிக்கரிலும் அச்சிடுகிறோம். வீட்டு வைஃபையில் சேர்ந்த பின்னர், கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கும் அதே கடவுச்சொல்தான்.

கண்டி நிரலாளர்

அப்படியானால் இறக்குமதியாளர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், தம்பி.

கருவிக்குக் கருவி வேறுபட்டிருந்தால் மட்டும் போதாது. 2023ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழுங்குவிதிகளின்படி, கடவுச்சொல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்துவமானதாக இருக்க வேண்டும், அல்லது பாவனையாளரே அதை வகுக்க வேண்டும். தனித்துவமானது என்றால், அது ஒன்று இரண்டு என ஏறும் எண்வரிசையிலிருந்தோ, பொதுவெளியில் கிடைக்கும் தகவலிலிருந்தோ, தொடர் இலக்கம் போன்ற கருவி அடையாளத்திலிருந்தோ பெறப்பட்டிருக்கக் கூடாது. வேறு எவ்வகையிலும் ஊகிக்கக்கூடியதாகவும் இருக்கக் கூடாது. அடையாள இலக்கத்திலிருந்துதான் பெற வேண்டும் என்றால், தொழிற்றுறை ஏற்றுக்கொண்ட குறியாக்கத்தையோ, இரகசியச் சாவியுடன் கூடிய ஹாஷ் முறையையோ (மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றும் கணிப்பு) இடையில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இனி உங்கள் கருவியைக் கணக்கிட்டுப் பாருங்கள். மேக் முகவரியில் பன்னிரண்டு எழுத்துகள். முதல் ஆறு சில்லுத் தயாரிப்பாளருக்கு உரியவை; அந்தப் பட்டியலை எவரும் பார்க்கலாம். உங்கள் கடவுச்சொல்லின் எட்டு எழுத்துகளில் முதல் இரண்டு அதற்குள் அடங்கிவிடுகின்றன. கடைசி நான்கை வைஃபை பெயரிலேயே ஊருக்கு அறிவிக்கிறீர்கள். எஞ்சியிருப்பது இரண்டு எழுத்துகள்; ஒவ்வொன்றும் 16 வகைகளில் ஒன்று என்பதால் 256 சாத்தியங்கள் மட்டுமே. அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. வைஃபை சமிக்ஞை தன் மேக் முகவரியைக் காற்றிலேயே சொல்லிக்கொண்டிருப்பதால், இலவசச் செயலி ஒன்றுள்ள எந்தக் கைப்பேசியும் அதை வாசித்துவிடும். லயத்துக் கதவில் எழுதியிருக்கும் வீட்டு இலக்கத்தையே பூட்டின் இரகசிய எண்ணாகவும் வைப்பது போன்றது இது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016இல் பரவிய மிராய் தீநிரல், ஏறத்தாழ அறுபது தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்ட பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இணையக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையில் கைப்பற்றியது. அந்த ஒக்டோபரில் டைன் நிறுவனத்தின் பெயர்த்தீர்வுச் சேவை (தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தருவது) தாக்கப்பட்டு, அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கியதும் அத்தகைய கருவிகளால்தான்.

திருத்துவது கடினமல்ல. நிரலை ஏற்றும் கணினியிலேயே, பாதுகாப்பான எழுமாற்று (ரேண்டம்) முறையில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லை உருவாக்குங்கள். பூச்சியத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடிய எழுத்துகளை நீக்கிவிடுங்கள். வாடிக்கையாளர்கள் பின்னர் உங்களை வாழ்த்துவார்கள். அதைச் சில்லின் தனிப் பகுதியொன்றில் எழுதி, அதே நொடியில் ஸ்டிக்கரையும் அச்சிடுங்கள். மீளமைப்புப் பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பகுதி அழியாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் ஸ்டிக்கர் ஒன்றையும் கருவி இன்னொன்றையும் சொல்லும். சில்லுக்குள்ளேயே எழுமாற்று எண்ணை எடுக்க விரும்பினால், ஈ.எஸ்.பி. 32இல் வைஃபை அல்லது புளூடூத் இயங்கிக்கொண்டிருக்கும்போதோ, சில்லின் உள் எழுமாற்று மூலத்தை இயக்கிய பின்னரோதான் அது முழுமையான எழுமாற்றாக இருக்கும். இவை எதுவும் இல்லாமல் நிரலின் தொடக்கத்திலேயே எடுத்தால் அந்த நம்பிக்கை கிடையாது.

லிந்துலை வாசகர்

இவ்வளவு சிரமம் எதற்கு? தற்காலிக வைஃபைக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் விட்டுவிட்டால், கடவுச்சொல் பற்றிய விதி பொருந்தாமல் போய்விடுமே.

கண்டி நிரலாளர்

விதியின் வாசகத்தை மட்டும் பார்த்தால் அப்படி வாதிடலாம். ஆனால் அந்தத் தற்காலிக வைஃபை வழியாகத்தான் பாவனையாளர் தன் வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கருவிக்குத் தட்டச்சுச் செய்து அனுப்புகிறார். அதைத் திறந்த காற்றில், குறியாக்கம் இல்லாத பக்கத்தில் அனுப்பவைத்தால், ஈரமானிக்காக முழு வீட்டையும் திறந்துவிட்டதாக ஆகும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் தரும் உண்மையான சலுகை வேறொன்று. கடவுச்சொல் விதி, கருவி தொழிற்சாலை நிலையிலிருந்து (முதல் அமைப்புக்கு முந்திய நிலையிலிருந்து) வெளியே வந்த பின்னரே வன்பொருளுக்குப் பொருந்தும். ஆகவே முதல் அமைப்பின்போது பாவனையாளர் தன் சொந்தக் கடவுச்சொல்லை வகுத்தே ஆக வேண்டும், அதைத் தாண்டாமல் கருவி வேலை செய்யாது என்று வடிவமைத்தாலும் விதி நிறைவேறிவிடும். உங்கள் பழைய கடவுச்சொல் அமைப்புப் பக்கத்துக்கும் தொடர்ந்ததுதான் சிக்கலாகிவிட்டது.

பண்டாரவளை இணக்க அலுவலர்

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் இவ்வகை ஆவணங்களைத் தயாரிப்பது என் வேலை. மற்ற இரண்டு குறிப்புகளையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகூடக் கேள்விக்கு விடை சுருக்கமானது: பிரித்தானியச் சட்டத்துக்கு வெளியார் சான்றிதழ் தேவையில்லை. அது உற்பத்தியாளரின் சுய அறிக்கையையே கேட்கிறது. சட்டம் 2022இல் நிறைவேறி, 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈ.டி.எஸ்.ஐ. என்ற ஐரோப்பியத் தர அமைப்பு வெளியிட்ட இ.என். 303 645 என்ற தரத்திலுள்ள பதின்மூன்று தலைப்புகளில் முதல் மூன்றிலிருந்து மட்டுமே அந்தச் சட்டத்தின் கட்டாயத் தேவைகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழ் விற்பதாகச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புவோரிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முறையிடும் வழியில் உங்களுடையது என்ன என்று எழுதவில்லை. பெரும்பாலானோர் செய்வதுபோல் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கட்டாயமாகக் கேட்கும் படிவமாக இருந்தால், அதுதான் தவறு. குறைபாட்டைக் கண்டவர் தன் சொந்த விபரம் எதையும் தராமல், கட்டணமின்றி, முன்கூட்டிக் கேட்க வேண்டிய அவசியமுமின்றி, எங்கே எப்படி முறையிடுவது என்ற தகவலைப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும், அது ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாக எப்போது பதில் வரும், தீர்வு கிடைக்கும்வரை நிலைமையை எவ்வாறு அறிவிப்பீர்கள் என்பவற்றையும் அங்கேயே குறிப்பிடுங்கள். எழுதியதைக் காப்பாற்றவும் வேண்டும்; இரண்டு நாளில் பதில் என்று எழுதிவிட்டு, பொங்கல் விடுமுறை முழுவதும் அஞ்சற்பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாது.

ஆதரவுக் காலம்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம். 'வாழ்நாள்' யாருடைய வாழ்நாள்? கருவியினதா, பட்டறையினதா? பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எந்தத் திகதிவரை வழங்கப்படும் என்று, முடிவுத் திகதியுடன் கூடிய காலத்தைச் சட்டம் கேட்கிறது. எத்தனை ஆண்டுகள் என்று அது வரையறுக்கவில்லை; அந்தத் தெரிவு உங்களுடையது. ஆனால் ஒருமுறை வெளியிட்டுவிட்டால் குறைக்க முடியாது, நீட்ட மட்டுமே முடியும். நீட்டினால் அதையும் இயன்ற விரைவில் வெளியிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது உங்கள் அடித்தள மென்பொருளையும் பாருங்கள். உங்கள் சில்லுக்கான அடித்தள மென்பொருளான ஈ.எஸ்.பி. ஐ.டி.எஃப். பதிப்பு ஒவ்வொன்றையும் அதன் தயாரிப்பாளர் 30 மாதங்களே பராமரிக்கிறார். நீங்கள் ஐந்து ஆண்டுகள் வாக்களித்தால், இடையில் ஒரு தடவையாவது புதிய பதிப்புக்கு மாற்றி, சோதித்து, வாடிக்கையாளரின் பூந்தொட்டியில் இருக்கும் கருவிக்கு இணையவழியாக அனுப்பியாக வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறதா என்பதை இப்போதே கணக்கிடுங்கள். நிரலை எழுதியவர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டால் மூலநிரல் யாரிடம் இருக்கும் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

அறிக்கையில் இடம்பெற வேண்டியவை: பொருளின் வகையும் தொகுதி இலக்கமும், உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், அதிகாரம் பெற்ற பிரதிநிதி இருந்தால் அவருடையவையும், அறிக்கை உற்பத்தியாளரால் அல்லது அவர் சார்பில் தயாரிக்கப்பட்டது என்ற கூற்று, உரிய தேவைகள் நிறைவேற்றப்பட்டுள்ளன என்பது உற்பத்தியாளரின் கருத்து என்ற கூற்று, ஆதரவுக் காலம், கையொப்பம், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும், வழங்கிய இடமும் திகதியும். இந்த அறிக்கையோ அதன் சுருக்கமோ பொருளுடன் செல்ல வேண்டும். பிரதியை 10 ஆண்டுகள், அல்லது ஆதரவுக் காலம் அதைவிட நீண்டதாயின் அதுவரை, நீங்களும் இறக்குமதியாளரும் வைத்திருக்க வேண்டும்.

ஹட்டன் பட்டறை

மிக்க நன்றி அக்கா. முறையிடுவதற்கு நாங்கள் வைத்திருந்தது நீங்கள் சொன்ன அதே வகைப் படிவம்தான். அதுவும் தமிழிலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தது. இன்னொரு சந்தேகம். இறக்குமதியாளர் தன் கடையின் பெயரைப் பெட்டியில் அச்சிட்டு விற்க விரும்புவதாகவும் சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் இந்தப் பொறுப்பெல்லாம் அவரிடம் போய்விடுமா? தண்டம் பெரிது என்று கேள்விப்பட்டு வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறார்கள்.

பண்டாரவளை இணக்க அலுவலர்

பிறர் தயாரித்த பொருளைத் தன் பெயரில் அல்லது வணிகக் குறியில் சந்தைப்படுத்துபவரும் அந்தச் சட்டத்தின்படி உற்பத்தியாளரே. ஆகவே அவருடைய பெயர் ஏறினால், அறிக்கையில் கையொப்பமிட வேண்டியவர் அவர். ஆனால் நிரலும் புதுப்பிப்பும் உங்கள் கையில் இருப்பதால், அவர் தன் ஆதரவுத் திகதியைக் காப்பாற்ற உங்களைத்தான் ஒப்பந்தத்தில் கட்டுவார். பொறுப்பின் வடிவம் மாறுமே தவிர வேலை குறையாது. அந்த ஒப்பந்தத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் ஒப்பமிட வேண்டாம்.

தண்டத்தின் உச்சவரம்பு 1 கோடி பவுண் அல்லது உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம், இரண்டில் எது கூடியதோ அது என்பது உண்மைதான். அது உச்சவரம்பு. இணங்கச் சொல்லும் அறிவித்தல், விற்பனையை நிறுத்தும் அறிவித்தல், பொருளைத் திரும்பப் பெறும் அறிவித்தல் ஆகிய அதிகாரங்களும் அமலாக்க அலுவலகத்திடம் இருக்கின்றன. 200 கருவி அனுப்பும் பட்டறையைப் பொறுத்தவரை, தண்டத்துக்கு வெகு முன்னரே, இறக்குமதியாளர் பொருளை எடுக்க மறுப்பதுதான் உண்மையான இழப்பு. இணங்கவில்லை என்று தெரிந்தும் விற்றால் அவரும் சட்டத்தை மீறியவர் ஆவார். அதனால்தான் அவர் இத்தனை கேள்வி கேட்கிறார். அப்படிக் கேட்கும் இறக்குமதியாளர் கிடைத்தது நல்லதென்றே நினைக்கிறேன்.

பதுளை வானொலிப் பிரியர்

பாரிஸிலும் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கின்றன, அங்கும் அனுப்பும் எண்ணம் இருந்தால் இதே அறிக்கை போதுமா?

பண்டாரவளை இணக்க அலுவலர்

போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வைஃபை போன்ற வானொலி அலைகளைப் பயன்படுத்தும் கருவிகளுக்கான இணையப் பாதுகாப்புத் தேவைகள் 2025 ஓகஸ்ட் 1 முதல் பொருந்துகின்றன, ஒன்றியத்தின் விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் சி.இ. குறியிடும்போது அவற்றையும் காட்ட வேண்டும். அதற்குமேல் ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம் வருகிறது. தாக்குவோர் ஏற்கெனவே பயன்படுத்திவரும் பாதுகாப்புக் குறைபாடுகளை 24 மணித்தியாலத்தில் அறிவிக்கும் கடப்பாடு 2026 செப்டெம்பர் 11 முதலும், ஏனைய தேவைகள் 2027 டிசெம்பர் 11 முதலும் நடைமுறைக்கு வரும். அங்கே ஆதரவுக் காலம் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. ஆகவே லண்டனுக்கே ஐந்து ஆண்டுகளைத் தாங்கும் வகையில் திட்டமிட்டால் பின்னர் இரட்டை வேலை இராது.

ஹட்டன் பட்டறை

கடவுச்சொல்லை நிரலேற்றும்போதே எழுமாற்றாக உருவாக்கும்படி மாற்றிவிட்டோம். ஸ்டிக்கரும் அதனுடனேயே அச்சாகிறது. படிவத்தை நீக்கி, ஆங்கிலப் பக்கமும் தனி மின்னஞ்சல் முகவரியும் வைத்திருக்கிறோம். ஆதரவுத் திகதியை மட்டும், நிரல் எழுதும் நண்பருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்த பின்னரே நிரப்பப்போகிறோம். நுவரெலியாவில் ஏற்கெனவே விற்ற கருவிகளுக்குப் பிரித்தானியச் சட்டம் பொருந்தாது என்றாலும், அவற்றிலும் பழைய கடவுச்சொல்தான் இருக்கிறது. ஸ்டிக்கரை மாற்ற ஒவ்வொரு வீடாகப் போக முடியாதே, அவற்றுக்கு என்ன செய்யலாம்?

கண்டி நிரலாளர்

ஸ்டிக்கரைத் தொட வேண்டாம். அடுத்த இணையவழிப் புதுப்பிப்பில், அமைப்புப் பக்கத்தைப் பழைய கடவுச்சொல்லால் திறந்தவுடன் புதியதொன்றை வகுக்குமாறு கட்டாயப்படுத்துங்கள். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்கள் என்பதால், செயலியிலும் ஓர் அறிவித்தல் அனுப்பி அங்கிருந்தே மாற்ற வழி செய்யுங்கள். மாற்றும்வரை அந்தப் பக்கத்தின் மற்ற அமைப்புகள் மூடியே இருக்கட்டும்; ஈர அளவு செயலிக்கு வந்துகொண்டிருப்பதால் செடிக்கு ஒரு குறையும் வராது. அனுப்புவதற்கு முன் பட்டறையிலுள்ள இரண்டொரு கருவிகளில், புதுப்பிப்பின் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.