பழைய மைதானம் போகுது: பிட்ச் மண்ணைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியுமா?

தேவிபட்டினம்_ஆஃப்ஸ்பின்:
எங்க ஊர் கிரிக்கெட் மைதானத்தை நிலத்துக்காரர் திரும்பக் கேட்டுட்டார். பொங்கலுக்குக் கடைசி மேட்ச். கண்மாய்க் களிமண் போட்டு வருஷக்கணக்கா உருட்டுன பிட்ச், விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வரலை. மண்ணை எடுத்துக்கச் சொல்லிட்டார். புது இடம் கடலோரம், முழுக்க மணல். எவ்வளவு ஆழம் எடுக்கணும்? எப்படித் திரும்பப் போடணும்? பழைய பிட்ச் இருந்த இடத்துக்கு ஒரு அடையாளமும் வைக்கணும்.

ரோலர்_பாய்:
மேல் 3 அங்குலம் போதும் தம்பி. அதுக்குக் கீழ மணல் கலந்திருக்கும், அதை அள்ளுனா நல்ல மண்ணும் கெட்டுரும். ஸ்டம்புக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் 4 அடி சேர்த்து 74 அடி நீளம், 10 அடி அகலம். இறுகின கணக்குல 185 கன அடி வரும். வெட்டுனா உப்பும், ரெண்டரை யூனிட்னு வச்சுக்கங்க (ஒரு யூனிட்னா 100 கன அடி). மூணு டிராக்டர் டிப்பர். முந்துன நாள் சாயங்காலம் லேசாத் தண்ணி தெளிச்சா மம்பட்டி இறங்கும். சொதசொதன்னு நனைச்சா கட்டியா ஒட்டிக்கும்.

புது இடத்துல 6 அங்குலம் தோண்டி, அடி மணலை நனைச்சு ரோலர் ஓட்டுங்க. காஞ்ச மணல் மேல களிமண் போட்டா பின்னாடி பள்ளம் விழும். கீழ் 3 அங்குலத்துக்குப் புதுக் களிமண், அது மேல பழைய மண். மொத்தமாக் கொட்டாம, சலிச்சு ஒன்றரை அங்குலமாப் பரப்பி உருட்டணும். ஒவ்வொரு அடுக்கும் உருண்டு வழவழன்னு ஆனதும் ரேக்கால கீறிவிட்டுத்தான் அடுத்தது. இதை விட்டவங்க பிட்ச்தான் அப்பளம் மாதிரி ஏடு ஏடாப் பேருது.

பதம் பார்க்க: ஒரு பிடி எடுத்து அமுக்குனா உருண்டையா நிக்கணும், கையில ஒட்டக்கூடாது. ரோலர்ல மண் ஏறுதுன்னா ஈரம் அதிகம், நிறுத்திருங்க.

கீழக்கரை_மேட்:
பாய் சொன்னதோட ஒண்ணு. போர்த் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. கடலோரப் போர்ல உப்பு. காஞ்சதும் வெள்ளையாப் பூத்து மேல் மண் பொடியா உதிரும். ஊரணித் தண்ணி, இல்லாட்டி டேங்கர். மாசிக்குள்ள முடிச்சிருங்க. கச்சான் காத்து அடிக்க ஆரம்பிச்சா மேல் மட்டும் காஞ்சு, உள்ள ஈரமா நின்னு, வெடிப்பு விட்டுரும்.

பிட்சை வடக்கு தெற்கா போடுங்க, இல்லைன்னா சாயங்காலம் வெயில் பேட்ஸ்மேன் கண்ணுல அடிக்கும். புதுக் களிமண்ணுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துல கேட்காம கண்மாயில கை வைக்காதீங்க.

ஸ்கோர்புக்:
அடையாளத்துக்கு: போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், நம்பாதீங்க. மண் எடுக்கும் முன்னாடியே ரெண்டு நடு ஸ்டம்புல இருந்தும், இடிபடாத ரெண்டு பொருளுக்கு டேப் பிடிங்க. கோயில் சுவர் மூலை, கல்வெர்ட்டு மாதிரி. பனைமரம் வேண்டாம், வெட்டிருவாங்க. நாலு அளவையும் ஸ்கோர் புத்தகத்துல எழுதி வச்சா எப்ப வேணாலும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இது நம்ம ஊர் கிறுக்குன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல டெட்ராய்ட் டைகர் ஸ்டேடியத்துல 1999 செப்டம்பர் 27 கடைசி பேஸ்பால் ஆட்டம் முடிஞ்சதும், பேட்டர் நிக்கிற இடத்து ஹோம் பிளேட்டைத் தோண்டி புது மைதானமான கொமெரிக்கா பார்க்குக்குக் கொண்டுபோனாங்க. சிகாகோவுல காமிஸ்கி பார்க்ங்கிற பழைய பேஸ்பால் மைதானத்தை 1991ல இடிச்சப்புறம், அது இப்ப கார் நிறுத்துற இடம். ஹோம் பிளேட் இருந்த புள்ளியில ஒரு கல் பதிச்சிருக்காங்க. உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு கல் போதும், நிலத்துக்காரர் சம்மதிச்சா.

தேவிபட்டினம்_ஆஃப்ஸ்பின்:
நன்றிண்ணே. புது இடத்துல வேலி கிடையாது, ஆடு மாடு சுத்துது. என்ன பண்றது?

ரோலர்_பாய்:
ஈரப் பிட்சுல குளம்பு பதிஞ்சா காஞ்சப்புறம் எத்தனை உருட்டுனாலும் போகாது. கடைசி அடுக்கு இறுகுற வரைக்கும் சுத்தி சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சிருங்க. பிட்சை விட்டு 6 அடி தள்ளிப் போடுங்க, முள் உள்ள விழுந்தா ரோலர் அதையும் சேர்த்து அமுக்கிரும்.