மைக்கை எடுப்பதற்கு முன்னால்: ஹாம் நண்பர்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

2009இல் ஹாம் எனும் அமெச்சூர் வானொலிப் பரீட்சை தேறி, வியூ3 என்று தொடங்கும் கால்சைன் (என் நிலையத்தின் அழைப்புப் பெயர்) கைக்கு வந்த வாரமே கீழக்கரையில் ஒரு மூத்த ஹாமைப் பார்க்கப் போனேன். எல்லாருக்கும் அவர் காக்காதான், கீழக்கரைப் பக்கம் அண்ணன் என்று அர்த்தம். மொட்டைமாடியிலிருந்து கொல்லையில் நின்ற பனைமரம் வரை டைபோல் ஆன்டெனா கட்டியிருந்தார். பக்கத்துக்குப் பத்து மீட்டர் செம்புக்கம்பி, நாற்பது மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, அதுதான் கணக்கு. கேபிள் சேரும் இடத்தில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டே, "மாசம் ஒரு தடவை இதப் பாக்கணும் தம்பி. கடக்கரையில பாதி வேலை இதுதான்" என்றார்.

ரேடியோ முன்னால் உட்கார்ந்ததும் என் கை தானாக மைக்குக்குப் போனது. "கையை எடுங்க, முதல்ல கேளுங்க" என்றார். அரைமணி நேரம் கேட்டோம். 7 மெகாஹெர்ட்ஸில் நம்மூர் நிலையங்கள் நாலைந்து நன்றாகக் கேட்டன, காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. அவர் குமிழை ஒரு மயிரிழை திருப்பி, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். அந்தப் பேச்சுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு 4எஸ்7, அதாவது இலங்கை நிலையம். மட்டக்களப்பிலிருந்து வெறும் 5 வாட்டில் ஒரு ஐயா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பேச்சில் இடைவெளி விழும்வரை காக்கா காத்திருந்தார். அப்புறம் பிரேக், அதாவது இடையில் பேச இடம், கேட்டு, "அடியில ஒருத்தர் ரொம்ப நேரமா கூப்பிடுறார், கொஞ்சம் வழி விடுவீங்களா?" என்றார். எல்லாரும் உடனே ஒதுங்கினார்கள். நான் அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த ஐயா அனுப்பிய கியூஎஸ்எல் கார்டை (தொடர்பு கிடைத்ததற்கான அத்தாட்சி அட்டை) காக்கா எனக்கே கொடுத்துவிட்டார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பாம்பனிலிருந்து:

எங்கள் பக்கம் கோடையில் காற்று ஓய்ந்த இரவுகளில் டூ மீட்டர் பேண்ட் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) திடீரென்று தொலைதூரத்துக்குத் திறந்துகொள்ளும். கடலை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே சூடான காற்று படியும்போது, அலைகள் இடையில் சிக்கிக் குழாய்க்குள் போவதுபோல நெடுந்தூரம் ஓடும். மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த தெருவில் நின்று பேசுவதுபோலக் கேட்பார். என் புது ஆன்டெனாவின் திறமை என்று நான் பெருமையடித்தபோது ஒரு நண்பர், "அது கடல் கொடுத்தது, நாளைக்குக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். மறுநாள் வெறும் இரைச்சல்தான்.

இணையத்தில் கைக்கருவி வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் மீனவர்களின் சேனலில் கதையளப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 156.8 மெகாஹெர்ட்ஸ் என்பது படகு முழுகும்போது கூப்பிடுகிற இடம். அங்கே ஹாமுக்கே பேச உரிமையில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து:

2004 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் என்ற ஹாம் செய்ததை ஹாம்கள் எல்லாருக்கும் தெரியும். உலக நிலையங்களோடு தொடர்பு கொள்ளப் போனவர், அந்தக் காலையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நிவாரணச் செய்திகளை அனுப்ப உட்கார்ந்தார். எனக்கு அவ்வளவு பெரிய வேலை வாய்த்ததில்லை.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கடலோரத்தில் நகராமல் நின்றபோது, செல்போன் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. லாரி பேட்டரியில் ரேடியோவை ஓட்டினேன். முகாமில் இருந்த ஒரு பாட்டிக்கு இன்சுலின் வேண்டும் என்று செய்தி வந்தது. "ரெண்டு குப்பி" என்று காதில் விழுந்தது, ஆனால் இரைச்சல். ஊகித்து அனுப்ப மனம் வரவில்லை. "ஒன்று, ரெண்டு, அந்த ரெண்டா?" என்று திருப்பிப் படித்தேன். "இல்லை, பத்து" என்று பதில் வந்தது. எழுதியதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன், இன்னொரு முறை படித்துக் காட்டினேன், அப்புறம்தான் அடுத்த நிலையத்துக்குக் கொடுத்தேன்.