கெட்டிஸ்பர்க் தோல்விக்கு லாங்ஸ்ட்ரீட்தான் காரணமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தென்மாநிலப் படையில் ராபர்ட் லீக்கு வலது கையாக இருந்தவர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் தோற்றதற்கு இவருடைய மெத்தனம்தான் காரணம் என்கிறார்கள் சிலர். இல்லை, பழியைத் தூக்கி இவர்மேல் போட்டுவிட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். லீக்கு ஊர் ஊராகச் சிலை வைத்தவர்கள், இவருக்கு அந்தப் போர்க்களத்தில் 1998 வரை ஒன்றுகூட வைக்கவில்லை. ஏன்?

லாஸ்பேட்டை வாத்தியார்:
தம்பி, கெட்டிஸ்பர்க்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போர் முடிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1867இல், ‘தோற்றுவிட்டோம், சட்டத்தை ஏற்போம்’ என்ற தோரணையில் நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். எதிர்ப்படைத் தலைவராக இருந்த கிராண்ட் இவருடைய பழைய சிநேகிதர். ஜனாதிபதியானதும் சுங்கத் துறையில் பதவி தந்தார். 1874இல் வெள்ளையர் ஆயுதக் கும்பல் ஒன்று நியூ ஆர்லியன்ஸில் ஆட்சியைக் கவிழ்க்க வந்தபோது, கறுப்பின வீரர்கள் நிறைந்த மாநிலப் படையோடு எதிர்த்து நின்றவர் இவர்தான். அன்றைக்குத் தோற்றார். பழைய தோழர்கள் அதை மன்னிக்கவே இல்லை.

லீ 1870இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் லீயின் கீழ் இருந்த ஜூபல் எர்லி, பெண்டில்டன் போன்ற தளபதிகள், ‘ஜூலை 2 விடியற்காலையில் தாக்கச் சொல்லி லீ உத்தரவிட்டார், லாங்ஸ்ட்ரீட் கேட்கவில்லை’ என்று மேடையேறிச் சொன்னார்கள். லீயின் சொந்த அலுவலர்களே அப்படி ஓர் உத்தரவு தங்களுக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். யார் கேட்டார்கள்? ஜூலை 3 அன்று சுமார் 12,500 பேரைத் திறந்த வெளியில் அனுப்பியது லீயின் முடிவு. வேண்டாம் என்றவர் லாங்ஸ்ட்ரீட்.

நம் ஊருக்கு இது புதிதா என்ன? 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் இங்கே பிரெஞ்சுத் தளபதியாக இருந்த லாலிமேல் பிரான்சில் பழி போட்டு, 1766இல் தலையை வெட்டினார்கள். 1778இல் அந்தத் தீர்ப்பே ரத்தானது. லாங்ஸ்ட்ரீட்டுக்குத் தலையாவது தப்பியது, 1904 வரை இருந்தார்.

கடலூர் ஓ.டி.:
வாத்தியார் சார், லாலிமேல் எங்களுக்கு அவ்வளவு பரிவு கிடையாது! 1758இல் எங்கள் ஊரில் ஆங்கிலேயர் வைத்திருந்த டேவிட் கோட்டையை இடித்தவர் அவர்.

லாங்ஸ்ட்ரீட்டையும் ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். நான்கு வருஷம் அடிமை முறையைக் காக்கும் படையில்தானே இருந்தார்? அதே 1863 கடைசியில் நாக்ஸ்வில் சண்டையில் தோற்றதும் மெக்லாஸ் என்ற கீழ்த் தளபதியைப் பதவியிலிருந்து தூக்கி, அவர்மேல் குற்றச்சாட்டும் போட்டார். பழி போடும் வித்தை இவருக்கும் தெரியும். ஜூலை 2 தாக்குதல் சாயங்காலம் நாலு மணிக்குத்தானே தொடங்கியது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லாஸ்பேட்டை வாத்தியார்:
நாக்ஸ்வில் விஷயம் சரி, அது அவர் செய்த அநியாயம். தாமதத்தில் மட்டும் பாதிக் கணக்கு லீயுடையது. லா என்ற தளபதியின் படைப்பிரிவு வந்து சேரும்வரை காத்திருக்க லீயே சம்மதித்தார். அப்புறம், லிட்டில் ரவுண்ட் டாப் குன்றிலிருந்த எதிரியின் சமிக்ஞை நிலையத்தின் கண்ணில் படக்கூடாது என்று, படை வந்த வழியே திரும்பி வேறு பாதையில் போனது. அதிலேயே மத்தியானம் போய்விட்டது. லாங்ஸ்ட்ரீட்டுக்கு லீயின் அந்தத் திட்டத்தில் மனசில்லை என்பதும் உண்மைதான், வேகம் காட்டவில்லை.