ஓடிகே கலெக்டில் 46 படிவங்கள் சர்வருக்குப் போகவில்லை, ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா?

கேட்டவர்:
வீடு வீடாகக் குழந்தைநலக் கணக்கெடுப்பு. 12 ஆண்ட்ராய்டு போன்கள், படிவம் நிரப்ப ஓடிகே கலெக்ட் ஆப், நிரப்பியவை போய்ச் சேர ஓடிகே சென்ட்ரல் சர்வர். ஒரு போனில் மட்டும் முடித்த 46 படிவங்கள் அப்படியே நிற்கின்றன. பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை என்கிறது. அதே வைஃபையில் மற்ற போன்கள் அனுப்பிவிட்டன. சிம் இல்லாத போன். நேற்றுக் காலை சார்ஜ் சுத்தமாக இறங்கி அணைந்தது. ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

மறுமொழி 1:
தயவுசெய்து அழிக்காதீங்க! செட்டிங்ஸில் ஆப்போட டேட்டாவையும் அழிச்சிடாதீங்க. அனுப்பாத படிவமெல்லாம் ஆப்போட சொந்த ஃபோல்டர்லதான் இருக்கு. ஆப் போனா அதுவும் போயிடும். 46 வீட்டுத் தாய்மாரும் திரும்ப முதல்ல இருந்து பதில் சொல்லணும்.

போன்ல இப்ப என்ன தேதி காட்டுது?

கேட்டவர்:
2018 ஜனவரி 2!

மறுமொழி 2:
காரணம் அதுதான். சார்ஜ் முழுக்க இறங்கினால் சில போன்களில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. 2018இல் நிற்கும் போனுக்கு அது இன்னும் நடைமுறைக்கு வராத சான்றிதழ், அதனால் இணைப்பை மறுக்கிறது.

ஆனால் தேதியை உடனே மாற்றாதீர்கள். போன் காட்டும் தேதி நேரத்தையும் உண்மையான தேதி நேரத்தையும் நிமிடம் வரை குறித்துக்கொள்ளுங்கள். 2018 என்று பதிவான பேட்டிகளின் தொடக்க, முடிவு நேரங்களைப் பிறகு திருத்த அந்த வித்தியாசம்தான் வேண்டும். குறித்த பிறகு மாற்றி அனுப்புங்கள்.

கேட்டவர்:
குறித்துக்கொண்டு மாற்றினேன். 31 போய்விட்டது! தடுப்பூசி அட்டைப் படம் உள்ள 15 பாதியில் நிற்கின்றன.

மறுமொழி 2:
படங்கள் பெரிதாக இருக்கும். வேகமான இணைப்பில் ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாள எண் உண்டு என்பதால் திரும்ப அனுப்பினாலும் இரட்டிக்காது. இனி எடுக்கும் படங்களுக்கு எக்ஸ்எல்எஸ்ஃபார்மில் (படிவத்தை வடிவமைக்கும் எக்செல் தாள்) பாராமீட்டர்ஸ் பத்தியில் மேக்ஸ்-பிக்சல்ஸ்=1600 (படத்தின் நீளமான பக்கத்துக்கு வரம்பு) என்று கொடுங்கள். 1024 வைத்தால் அட்டையில் பேனாவால் எழுதிய தேதி மங்கிப்போகலாம்.

மறுமொழி 1:
இன்னொண்ணு, இதுதான் பெரிய கவலை. பிறந்த தேதிக்கு ‘டுடே()வுக்கு, அதாவது போன் காட்டுற இன்னைய தேதிக்கு, பிந்தியதா இருக்கக் கூடாது’ன்னு கட்டுப்பாடு வெச்சிருக்கீங்களா? அப்படின்னா 2018ல இருந்த போன் எந்தக் கைக்குழந்தையோட தேதியையும் ஏத்திருக்காது. பேட்டி எடுத்தவர் அடுத்த கேள்விக்குப் போறதுக்காக 2017னு ஏதாவது போட்டிருக்கலாம். வயசு 5 மாசம், 9 மாசம்னு சரியா இருக்கிற மாதிரியே தெரியும். நேத்து பதிவானதுல 2017 பிறப்புகளைத் தேடி அட்டைப் படத்தோட ஒப்பிடுங்க.

படிவத்தோட முதல் கேள்வியிலயே டுடே() கணக்கெடுப்பு தொடங்கின நாளுக்கு முந்தி இருந்தா மேலே போகாதபடி ஒரு கட்டுப்பாடு போடுங்க. கடிகாரம் தப்பா இருந்தா பேட்டிக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

கேட்டவர்:
கட்டுப்பாடு இருக்கிறது. தேடினேன், 6 படிவங்களில் 2017. நாலுக்கு அட்டைப் படம் இருக்கிறது, அதிலிருந்து திருத்துகிறோம். மற்ற 2 வீடுகளுக்கு நாளை பிறந்த தேதியை மட்டும் கேட்கப் போகிறோம்.