இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

கேள்வி:
பழைய பெட்ரோல் கார், புது பேட்டரி. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் 'டக் டக்' என்பதோடு சரி. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் 14.2 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் சார்ஜிங் சரிதானே?

பதில்:
சரிதான். வண்டி நிற்கும்போதுதான் எங்கோ கரன்ட் கசிகிறது. சாவியை எடுத்து, கதவு, டிக்கி எல்லாம் சாத்துங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப் நிலையில் வையுங்கள். அரை மணி நேரம் பொறுத்து, 50 மில்லிஆம்ப்புக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கேட்டவர்:
420 மில்லிஆம்ப். இறங்கவே மாட்டேன் என்கிறது.

இன்னொரு பதில்:
இரண்டு நாளில் 20 ஆம்பியர்-மணி காலி; சின்ன பேட்டரி தாங்காது. ஆனால் 420 என்பது கிட்டத்தட்ட ஒரு 5 வாட் பல்பின் கணக்கு. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவும்போது உள்விளக்கு ஃபியூஸிலிருந்தே தொடங்குங்கள். எதிலும் குறையவில்லையென்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) உள்ளே கரன்டை ஒரே திசையில் விடும் டையோடைச் சந்தேகப்படலாம்; நன்றாக சார்ஜ் செய்துகொண்டே நிற்கும்போது கசியவிடும் ரகம் அது.

கேட்டவர்:
உள்விளக்கு ஃபியூஸை உருவியதும் 30-க்கு வந்துவிட்டது! போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தேன். விளக்கு ஜோராக எரிகிறது. மூடி அழுத்தியதும் விளக்கை அணைக்க வேண்டிய சுவிட்ச் துருவேறி வேலை செய்யாமல் கிடக்கிறது. இப்போதைக்கு பல்பைக் கழற்றிவிட்டேன்.