ஃபிளாஷ் வேணுமா வேண்டாமா: தேரூர் குளமும் முட்டம் கடலும்

தேரூர்க்காரன்:
நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல காட்டுயிர் படம் எடுக்க ஃபிளாஷ் தேவையே இல்லைங்கிறது என் கட்சி. கரையிலும் சரி, கடலுக்குள்ளயும் சரி. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல ராம்சர் பட்டியலுக்கு, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலப் பட்டியலுக்கு வந்த இடங்கள். அங்க பொழுது சாயும்போது மரத்துல அடையிற கொக்கு, நாரை மேல ஃபிளாஷ் அடிச்சா கூட்டமே எழும்பிடும், இருட்டுல திரும்ப இடம் பிடிக்கத் தடுமாறும். பகல்ல வெளிச்சத்தைப் படிக்கத் தெரிஞ்சாலே போதும். புத்தளம் உப்பளத்துல ஃபிரேம் முழுக்க வெள்ளையா இருந்தா கேமரா படத்தை இருட்டாக்கிடும், ஒரு ஸ்டாப் கூட்டணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). தேரூர்ல கருத்த தண்ணியில வெள்ளைக் கொக்குன்னா முக்கால் ஸ்டாப் குறைக்கணும், இல்லேன்னா இறகு வெளுத்துப் போயிடும். வெயில் ஏறினா உப்பளத்துல கானல் எழும்பும், 600 எம்எம் லென்ஸ் வச்சாலும் கூர்மை வராது. கடலுக்குள்ள ரா ஃபைல்ல (கேமரா சுருக்காத மூலப் பதிவு) எடுத்து, வீட்டுல வந்து வொயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையைச் சரி பண்ணிக்கலாம்.

கடியப்பட்டினம் பார்:
குளத்துக்குச் சொன்னது அத்தனையும் சரி அண்ணாச்சி. கடலுக்குச் சொன்னது தப்பு. தண்ணி முதல்ல சிவப்பைத்தான் தின்னும். அஞ்சு மீட்டருக்குக் கீழ அது பெரும்பாலும் போயிடும், அடுத்து ஆரஞ்சு. சென்சாருக்கே வராத நிறத்தை வொயிட் பேலன்ஸ் எங்கேருந்து கொண்டாரும்? எடிட்டிங்ல ஸ்லைடரை இழுத்தா சிவப்பு சேனல்ல புள்ளிப்புள்ளியா நாய்ஸ்தான் கூடும். வெளிச்சம் தண்ணியில கடக்குற தூரத்தைக் கணக்குப் பார்க்க, ஆழத்தோட மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவுல உள்ள தூரத்தையும் சேர்த்துக்கணும். பாறை இடுக்குல கிடக்கிற சிங்கி இறாலுக்கும் களவாவுக்கும் மேல்வெளிச்சம் எட்டவே எட்டாது.

தேரூர்க்காரன்:
சரி, நம்ம கடல்ல ஃபிளாஷ் அடிச்சா என்ன ஆகும்? ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் (பருவமழைக் காலத்து மேற்குக் காத்து) அடிக்கையில தண்ணி ஒரே கலக்கல். அது அடங்கின பிறகும் முட்டம் பாறை ஓரத்துல அலை மோதி தூசி மிதந்துக்கிட்டேதான் இருக்கும். ஃபிளாஷ் ஒவ்வொரு தூசியையும் வெள்ளைப் புள்ளியாக்கிடும். அதுக்கு லென்ஸ் முன்னால மாட்டுற நிற ஃபில்டர் எவ்வளவோ மேல். ஆனா ஆக்‌ஷன் கேமராவோட விக்கிற சிவப்பு ஃபில்டரை வாங்காதீங்க, அது நீலத் தண்ணிக்கு. பாசி கலந்து பச்சையா இருக்கிற தண்ணிக்கு மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) ஃபில்டர்.

கடியப்பட்டினம் பார்:
வெள்ளைப் புள்ளி விழுறது ஃபிளாஷோட குத்தமில்ல, அதை வச்ச இடத்தோட குத்தம். கேமரா தலையிலயே இருக்கிற ஃபிளாஷ், லென்ஸுக்கு முன்னால உள்ள தண்ணி முழுக்க வெளிச்சம் போடும். ரெண்டு ஸ்ட்ரோபையும் (கம்பியில மாட்டுற தனி ஃபிளாஷ்) பக்கவாட்டுல நல்லா விரிச்சு, போர்ட் கண்ணாடிக்கு (லென்ஸுக்கு முன்னால உள்ள கண்ணாடி) பின்னால இழுத்து, முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பணும். அப்போ மீன் மேல ஒளியோட விளிம்பு மட்டும் படும், நடுவுல உள்ள தண்ணி இருட்டாவே நிக்கும். தூரம் அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும். கலக்கல் தண்ணியில ஒரு மீட்டர் தாண்டினா ஸ்ட்ரோபை அணைச்சிடுங்க. தொடக்கத்துக்கு லென்ஸ் திறப்பு எஃப் 8, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200 நொடி. பின்னணி கருத்துப் போனா ஷட்டரை 1/100-க்கு இறக்குங்க. மீன் மேல படுற ஸ்ட்ரோப் வெளிச்சம் மாறாது, கடல் நிறம் மட்டும் ஏறும்.

கணவாயைப் பாருங்க. பாறையோட ஒட்டிக் கிடக்கையில தோலை முள்ளு முள்ளா எழுப்பும். நேர் வெளிச்சத்துல அதெல்லாம் தட்டையாத்தான் தெரியும். ஒரு ஸ்ட்ரோபை அணைச்சு மத்ததைப் பக்கவாட்டுல வச்சா ஒவ்வொரு முள்ளுக்கும் நிழல் விழும். எந்த ஃபில்டரும் அதைத் தராது.

மாறாமலை மழை:
ரெண்டு பேரும் மலையை விட்டுட்டீங்களே. ராத்திரியில தவளைக்கு ஃபிளாஷ் இல்லாம முடியாது. ஆனா வெறும் ஃபிளாஷ் ஈரத்தோல்ல வெள்ளைத் திட்டா விழும். டிஃப்யூசர் (ஒளியைப் பரப்புற மூடி) எவ்வளவு பெருசா, தவளைக்கு எவ்வளவு பக்கத்துல இருக்கோ அவ்வளவு மென்மை. ஃபிளாஷ் பவரை முழுசுல 1/16 பங்குல தொடங்குங்க. கூவுற தவளை நிறுத்திட்டா விலகிடணும். சரணாலயத்துக்குள்ள படமெடுக்க 1972 வனஉயிரினச் சட்டம் 28-ஆம் பிரிவுல அனுமதி வாங்கணும். கடல்குதிரையும் அதே சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, படத்துக்காக அதைக் கையால நகர்த்துறது ஆகவே ஆகாது.

தேரூர்க்காரன்:
தவளைக்கும் கணவாய்க்கும் ஒத்துக்கிறேன். ஆனா மூணு மீட்டருக்குள்ள மூச்சடக்கி இறங்குறவங்களுக்கு ஸ்ட்ரோப் சுமைதான், நீட்டின கம்பி அலையில பாறையில போய் மோதும். பத்து மணிக்கு மேல, சூரியனை முதுகுப்பக்கம் வச்சு எடுத்தா சிவப்பு மிச்சமிருக்கும். ஆழம் மாறுற ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வச்சுக்கணும்.

கடியப்பட்டினம் பார்:
கூட்டமா போற மீனுக்கு அது போதும் அண்ணாச்சி. பாறையோட அடிப்பக்கத்துக்கு மூணு மீட்டர்லயும் வெளிச்சம் கிடையாது. கம்பி மோதுதுன்னா ஒரே ஸ்ட்ரோப், குட்டைக் கை, கிட்டத்துல எடுக்கிற மேக்ரோ லென்ஸுக்கு ஃப்ளாட் போர்ட் (தட்டைக் கண்ணாடி). இன்னொண்ணு, ஹவுசிங்கை (கேமராவைத் தண்ணி படாம மூடுற பெட்டி) கடற்கரையில வச்சு மூடாதீங்க. ஈரக்காத்தை உள்ள வச்சு மூடினா, தண்ணியில குளிர்ந்ததும் கண்ணாடி உள்பக்கம் வேர்த்துடும். ஏசி அறையில மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போடுங்க. மூடியை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்ல ஒரு முடி, ஒரு மணல் இருந்தாலும் தண்ணி இறங்கிடும்.