1941 கிரைஸ்லர் தண்டர்போல்ட் கார் ஏலத்துக்கு வந்தா எப்படி மதிப்பிடுவீங்க?

பழைய ஸ்பேனர்:
டியூசன்பெர்க் எஸ்எஸ்ஜே கார் 2018ல பெபிள் பீச் ஏலத்துல 2.2 கோடி டாலருக்குப் போச்சு. அதை வச்சு இதுக்கும் கனவு விலை சொல்றாங்க. எஸ்எஸ்ஜே, எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ளுற சூப்பர்சார்ஜர் போட்ட வண்டி, மொத்தமே 2. விலைக்குப் போனது நடிகர் கேரி கூப்பரோடது. தண்டர்போல்ட்டோட அழகான பாடியைத் தூக்கிட்டா மிஞ்சுறது கிரைஸ்லரோட நியூயார்க்கர் கார் சேஸியும், அதே சாதாரண 323.5 கன அங்குல எட்டு சிலிண்டரும்தான்.

வளைந்த தகடு:
அண்ணே, இந்த வண்டியில பாடியைத் தூக்கிட்டு மிச்சத்துக்கா விலை போடுவீங்க? அலெக்ஸ் ட்ரெமுலிஸ் வரைஞ்சது, பாடி கட்டுற கம்பெனி லீபாரன் கட்டினது. கதவுக்குக் கைப்பிடி கிடையாது, பட்டன்தான். ஹெட்லைட் மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். உலோகக் கூரை ஒரே துண்டா பின்னால போய் டிக்கிக்குள்ள இறங்கும். ஃபோர்டு ஸ்கைலைனர் கூரையை மடக்கிக் காட்டினது 1957ல!

பழைய ஸ்பேனர்:
பெஜோ எக்லிப்ஸ் 1934லேயே காட்டிடுச்சு தம்பி. பேரைக்கூட ஜார்ஜ் ஈஸ்டனோட வேக சாதனை வண்டிகிட்ட கடன் வாங்கியிருக்காங்க. அந்த வேகம் இதுல எங்க?

வளைந்த தகடு:
இது ரேஸுக்குக் கட்டினது இல்லையே. ஊர் ஊரா டீலர் கடையில நிறுத்தி, கூட்டம் சேர்க்கக் கட்டினது. அந்த வேலைக்கு எட்டு சிலிண்டர் தாராளம். கட்டினதே 5, இன்னிக்கு இருக்கிறது 4. உங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

டிங்கரிங் பட்டறை:
ரெண்டு பேரும் எண்ணிக்கையிலயே நிக்கிறீங்க. நான் முதல்ல குனிஞ்சு பார்க்கிறது பாடியோட அடியில முன்னிருந்து பின்வரைக்கும் ஓடுற வரிவரியான அலுமினியப் பட்டையை. நசுங்கியிருந்தா கடையில கேட்டு வாங்க முடியாது, யாராவது கையால அடிச்சுத்தான் தரணும். அப்புறம் கூரை. டிக்கி மூடியும் கூரையும் இடிக்காம ஒண்ணுக்கொண்ணு வழிவிடுதா, கூரையை நகர்த்துற மோட்டார் திணறுதா, ஓரத்துல பெயின்ட் உரசியிருக்கான்னு பார்க்கணும். சேஸி நம்பர், பாடி நம்பர், முதல் நிறம் எல்லாத்துக்கும் காகிதம் இருக்கணும். ஷோ முடிஞ்சு தனியார் கைக்குப் போன வண்டியில எது அசல், எது பின்னால மாத்தினதுன்னு வேற எப்படித் தெரியும்?

பழைய ஸ்பேனர்:
இது நியாயமான பேச்சு. ஆனாலும் எஸ்எஸ்ஜே விலையில பத்துல ஒரு பங்குக்கு மேல நான் கை தூக்க மாட்டேன்.

வளைந்த தகடு:
காகிதம் சுத்தமா இருந்து, கூரையை என் கண்ணெதிர்ல நாலு தடவை ஏத்தி இறக்கிக் காட்டட்டும். அதுக்கு மேலயும் தூக்குவேன். எட்டு சிலிண்டரை நீங்களே வச்சுக்குங்கண்ணே.